நொண்டி நட்சத்திரம்

பல்செட்காரருக்குக் கண் மங்குகிறது என்பது அவர் மனைவிக்குத் தெரிவதற்கு முன்னால் ஒரு பல் டாக்டருக்குத் தெரிந்தது. மேல்வரிசைக்குக் கட்டிக்கொடுத்த ஆறு பற்களில் நாலு வெள்ளை, இரண்டு மஞ்சள். டாக்டர் அதைத் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு சீட்டு: "ஐயா, இதைப் போட்டுக்கொண்டு நோயாளி சிரிக்க மாட்டேன் என்கிறார்." முப்பத்தொரு வருஷத்தில் அவர் கட்டிய செட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. சீட்டை அவர் மனைவிதான் படித்துக் காட்டினாள். அவரால் அதைப் படிக்க முடியவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது என்றார்கள். ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். எட்டு மாதத்தில் வலது கண் முழுக்க இருண்டது. இடது கண்ணில் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சியது. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எதிரில் இருக்கும் ஆளைப் பார்க்க முகத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும்.

"என்னைப் பார்க்கணும்னா மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க. கல்யாணமான புதுசுலேருந்தே அப்படித்தானே" என்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை.

வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. வேலை நின்ற பிறகும் அது அப்படியே கிடந்தது. யார் யாருடைய வாயோ அச்சாகி நின்ற வெள்ளை மாவுக்கட்டி வரிசைகள், மெழுகுத் தகடுகள், காலால் மிதித்தால் சுழலும் கை டிரில், அதன் ஊசிமுனைகளைக் குத்தி வைத்த கட்டை. மேஜைக்கு எதிர்ச்சுவரில் ஓர் இரும்பு பீரோ. அதற்குள் இருந்ததுதான் அவருடைய மற்ற உலகம்.

அவர் நாணயம் சேர்ப்பவர். ராஜா காலத்துப் பொன்னும் வெள்ளியும் இல்லை. ஒரே ஒரு வகை நாணயம்; சின்ன வயதில் எல்லார் சட்டைப்பையிலும் கிலுகிலுத்து இப்போது செல்லாமல் போன பித்தளை நிறக் கால் நாணயம். தலைநகர நாணயச்சாலையில் அடித்ததில் வருஷத்துக்குக் கீழே வெறுமையாக இருக்கும். துறைமுக நாணயச்சாலையில் அடித்ததில் கடுகளவு ஒரு நட்சத்திரம் இருக்கும். எந்த நாணயச்சாலையில் பிறந்தது என்று சொல்லும் குறி அது. அந்தக் குறியை அச்சுக்கட்டையில் ஓர் உளியை வைத்துக் கையால் தட்டியதால் உளிக்கு உளி, தட்டுக்குத் தட்டு வித்தியாசம் வந்தது. சேர்ப்பவர்கள் அவற்றுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ஆரம்ப வருஷங்களில் வந்தது குண்டு. அறுபத்திரண்டில் உளியை மாற்றினார்கள், அது ஒல்லி. அறுபத்துநாலில் அந்த ஒல்லி உளியின் முனை உடைந்தது. அதிலிருந்து நட்சத்திரத்தின் இடது கீழ்க்கால் பாதிதான். அதற்குப் பெயர் நொண்டி.

பல்செட்காரரிடம் இருந்த ஒரு நாணயத்தில் வருஷம் அறுபத்துமூன்று, நட்சத்திரம் நொண்டி. உளி ஒரு வருஷம் முன்பே உடைந்துவிட்டது என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி. சங்கம் வெளியிட்ட புத்தகத்தில் நாற்பதாம் பக்கம் அந்த நாணயத்துக்கு. பக்கத்திலேயே கோட்டு போட்டுக்கொண்டு அவர் படம். பத்தொன்பது வருஷமாக எந்த ஊர்ச் சேர்ப்பவர் வந்தாலும் முதலில் அவர் வீட்டு வாசலைத்தான் தேடுவார்கள்.

அவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. காசுக்குக் காசு ஒன்றுதானே என்று இருந்தாள். அவளுக்கும் ஒரு பிழைப்பு இருந்தது. இருபத்திரண்டு வருஷம் சட்டைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். மேஜைமேல் சட்டைகள் மலைபோல வந்து விழும். தையல் விட்டது, நூல் தொங்குவது, காலர் கோணியது எல்லாவற்றையும் நின்றபடியே பார்த்து ஒதுக்க வேண்டும். அங்கே அவளுக்குக் கழுகு என்று பெயர். தையல்காரிகள் அவளைக் கண்டால் சபிப்பார்கள். மாலையில் பஸ்ஸில் இடம் பிடித்தும் வைப்பார்கள்.

சங்கம் புதிதாக ஒரு புத்தகம் போடப் போவதாகச் செயலாளர் ஃபோன் செய்தார். இந்தத் தடவை ஒவ்வொரு நட்சத்திரமும் உள்ளங்கை அகலத்துக்குப் படமாக வரும். மாதக் கடைசியில் கேமராவோடு வீட்டுக்கே வருகிறோம் என்றார். பல்செட்காரர் பீரோவைத் திறக்கச் சொல்லி ஆல்பத்தைத் தடவிப் பார்த்தார். பிளாஸ்டிக் உறைகள் பிசுபிசுத்துக் கிடந்தன.

"பச்சை பூத்திருக்கா பாரு."

"அங்கங்க இருக்கு."

"போச்சு. எல்லாத்தையும் எடுத்துக் காகித உறையில போடணும். எது எதுன்னு நான் எப்படிப் பிரிப்பேன்?"

அப்படித்தான் அவள் அந்த மேஜையில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, லென்ஸை எப்படிப் பிடிக்க வேண்டும், விளக்கை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று சொன்னார்.

"நட்சத்திரத்தைப் பாரு. என்ன தெரியுது?"

"நட்சத்திரம் தெரியுது."

"அது எனக்குத் தெரியாதா? எப்படி இருக்குன்னு சொல்லு."

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "காலை அகட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. எங்க கம்பெனி மேனேஜர் மாதிரி."

எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்தார். "அதுதான் குண்டு. அறுபதோ அறுபத்தொண்ணோ இருக்கும். வருஷத்தைப் பாரு."

அறுபத்தொன்று.

தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம். பத்து நாளில் அவருடைய உதவி தேவைப்படவில்லை. இது குண்டு, ஆனால் தலை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. இது ஒல்லி, ஆனால் இரண்டு தரம் தட்டியிருக்கிறார்கள், நிழல் மாதிரி இன்னொன்று தெரிகிறது என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்: "உனக்குக் கண்ணு இருக்கு. இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே."

"நீங்க கேக்கல."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பேச விஷயமும் குறைந்துகொண்டே வந்த வீடு அது. அந்த மத்தியானங்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. அதை அவள் மறைக்கவில்லை. சமையலைச் சீக்கிரமே முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஒரு நாள் ஆல்பத்தின் அடியிலிருந்து பழைய காகித உறை ஒன்று வந்தது. மேலே அச்சடித்தது போன்ற எழுத்தில் 'அறுபத்துநான்கு, நொண்டி, மிகத் தெளிவு' என்று எழுதியிருந்தது.

"இது மாஸ்டர் கையெழுத்து" என்றாள்.

"கிழிச்சுப் போடு."

அவள் கிழிக்கவில்லை. உறையைத் திருப்பிப் பின்பக்கத்தில் நாணயத்தின் விவரத்தை எழுதி, அதிலேயே போட்டுவைத்தாள்.

மாஸ்டர் என்றால் டிராயிங் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுத்தவர், ஒண்டிக்கட்டை. ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. இரண்டு பேரும் சேர்ந்துதான் கால் நாணயம் சேர்க்க ஆரம்பித்தார்கள். அவளைத் தங்கச்சி என்பார்; அவள் அண்ணே என்பாள். வாயளவு உறவு இல்லை அது. கல்யாணமான மூன்றாம் வருஷம் வயிற்றிலிருந்தது கலைந்து, ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இரண்டு பாட்டில் ரத்தம் கொடுத்துவிட்டு வராந்தாவில் மயங்கி விழுந்தவர் அவர்.

அறுபத்துமூன்று நொண்டி வந்ததும் அந்த உறவு முறிந்தது. மாஸ்டர் அதைச் சங்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது அடிச்சதில்ல, வெட்டினது" என்றார். வயிற்றெரிச்சல் என்றார்கள் மற்றவர்கள். அடுத்த கூட்டத்தில் பல்செட்காரர் எழுந்து, மாஸ்டர் என் ஆல்பத்திலிருந்து நல்ல நாணயங்களை எடுத்துக்கொண்டு மட்டமானதை வைத்திருக்கிறார், வேறு வீடுகளிலும் இதே கதையாக இருக்கும், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கை தூக்கி முடிவு செய்தார்கள். மாஸ்டரை நீக்கினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேச்சு பள்ளிக்கூடம் வரைக்கும் போனது. பிள்ளைகள் பென்சில் காணாமல் போனால்கூட அவரைப் பார்த்துச் சிரித்தார்களாம். நாலு வருஷம் மிச்சமிருக்கும்போதே வேலையை விட்டுவிட்டார்.

அதற்கு முன் ஒரு நாள் மழையில் குடையோடு வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். பல்செட்காரர் வீட்டில் இல்லை. "தங்கச்சி, ஒரு நிமிஷம் பேசணும்" என்றார். அவள் கேட்டைத் திறக்கவில்லை. "இன்னும் என்ன மிச்சமிருக்குன்னு பார்த்துட்டுப் போக வந்தீங்களா?" என்று கேட்டாள். அவர் திரும்பிப் போனார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் செத்த செய்தி வந்தபோது அவள் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். "திருட்டுப்பய சாவுக்கு இந்த வீட்டுலேருந்து யாரும் போகக் கூடாது" என்றார் பல்செட்காரர். அவள் போகவில்லை.

அறுபத்துமூன்று நொண்டி ஆல்பத்தில் இல்லை. பல் வைக்கும் சின்ன வட்ட டப்பாவில் பஞ்சுக்கு நடுவே இருந்தது. "அதை நீ பார்க்க வேண்டாம், அது எனக்குக் கையிலேயே தெரியும்" என்று சொல்லியிருந்தார். ஒரு மத்தியானம் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் டப்பாவைத் திறந்தாள். பஞ்சு நமுத்திருக்கும், மாற்றிவைக்கலாம் என்பதைத் தவிர அவள் மனதில் வேறு எதுவும் இல்லை. எடுத்ததை லென்ஸுக்குக் கீழே வைத்ததுகூட, பழகிப்போன கை செய்த வேலை.

அதற்குள் அவள் நூறு நொண்டிகளுக்கு மேல் பார்த்திருந்தாள். எல்லாவற்றிலும் பாதிக்கால் முடியும் இடம் குச்சியை ஒடித்தது போல வெட்டாக இருக்கும். இதில் வழவழவென்று உருண்டு முடிந்தது. கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் தரை மயிரிழை அளவு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் வட்டம் வட்டமாகக் கீறல்கள். அவள் விளக்கை நாலு பக்கமும் சாய்த்துப் பார்த்தாள்.

தையல் பிசகினால் சில பெண்கள் செக்கிங்குக்கு வருவதற்கு முன்பே பிரித்துத் திரும்பத் தைத்து அனுப்பிவிடுவார்கள். புதுத் தையல் எவ்வளவு நேராக இருந்தாலும், பக்கத்தில் பழைய ஊசி ஓட்டைகள் இருக்கும். இருபத்திரண்டு வருஷம் அவள் தேடிய ஓட்டை அது. முழுக்கால் இருந்த ஒல்லியைத் தேய்த்து நொண்டியாக்கியிருக்கிறார்கள். அந்த வட்டக் கீறல்களையும் அவளுக்குத் தெரியும். பல்செட்டின் உட்புறத்தை அவர் இழைத்து முடித்ததும் தூசி துடைத்து வைப்பது அவள்தானே.

அவர் எழுந்து, டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அந்த அறுபத்துமூணை நீங்களா பண்ணீங்க?"

டம்ளர் அவர் கையிலேயே நின்றது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பார்த்தேன்."

"பார்க்க வேண்டாம்னு சொன்னேனே."

"பண்ணீங்களா இல்லையா?"

அவர் டம்ளரை வைக்க மேஜையைத் தேடினார். அவள் வாங்கி வைக்கவில்லை. கடைசியில் தரையில் வைத்தார்.

"விளையாட்டாத்தான் பண்ணேன். சத்தியமா. மாஸ்டர்கிட்ட காட்டி, கண்டுபிடிக்கிறானான்னு பார்க்கலாம்னு. அவன் வர்றதுக்கு முன்னாடி செயலாளர் வந்துட்டாரு. மேஜைமேல பார்த்துட்டு 'ஐயா, இது என்ன!'ன்னு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. அந்த மாதிரி யாரும் என் கையைப் பிடிச்சதில்ல. பல்செட்காரன் கையை யாரு பிடிப்பா? சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். வரல."

"சரி. மாஸ்டர் திருடினாரா?"

அவர் காலால் டம்ளரைத் தள்ளிவைத்தார்.

"திருடினாரான்னு கேட்டேன்."

"இல்ல."

"ஒரு காசுகூட?"

"அவன் எனக்குக் கொடுத்ததுதான் அதிகம்."

அவளுக்கு அழுகை வரவில்லை. அவரைப் பார்த்துச் சொன்னாள்: "செயலாளர் வரும்போது நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"என் கண்ணு போச்சு. தொழில் போச்சு. புத்தகத்துல அந்த ஒரு பக்கம்தான் எனக்கு மிச்சம். செத்தவனுக்கு இனிமே என்ன வரப்போகுது? நான் இருக்கேன். என்னைப் பாரு."

இரண்டு நாள் அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறதோ என்று ஒரு நிமிஷம் தோன்றும். அடுத்த நிமிஷம் கேட்டுக்கு வெளியே குடையோடு நின்ற ஆள் தெரிவார்.

மூன்றாம் நாள் காலை மருந்துக்கடைக்குச் சொட்டுமருந்து வாங்கப் போய்விட்டுத் திரும்பினாள். தெருமுனையிலேயே டிரில் சத்தம் கேட்டது. ஒரு வருஷமாக ஓடாத டிரில். அவள் ஓடினாள். அவர் மேஜையில் குனிந்து, இடதுகை விரல்களால் நாணயத்தை அழுத்திக்கொண்டு, வலதுகையில் டிரிலைப் பிடித்துத் தடவித் தடவித் தேய்த்துக்கொண்டிருந்தார். நாணயத்தில் பாதி, விரலில் பாதி. ஆள்காட்டி விரல் நகத்தோடு பிய்ந்திருந்தது. மேஜையெல்லாம் ரத்தம். வெள்ளை மாவுக்கட்டிப் பற்கள்மேலும் தெறித்திருந்தது.

"நிறுத்துங்க! காலை எடுங்க!"

அவர் காலை எடுத்தார். சக்கரம் சுற்றி ஓய்ந்தது. "போயிடுச்சா? பார்த்துச் சொல்லு. போயிடுச்சா?"

நட்சத்திரம் முழுக்கப் போயிருந்தது. வருஷத்தில் கடைசி எண்ணும் போயிருந்தது. அவள் துணி எடுத்து விரலைச் சுற்றினாள்.

செயலாளர் சொன்ன தேதியில் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் கேமராப் பை. பல்செட்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் மறைத்துக்கொண்டு, தேய்ந்த நாணயத்தை மற்றக் கையால் நீட்டினார்.

"என்ன சொல்றது, தம்பி. நான் பார்க்க முடியாதவன். சுத்தம் பண்றேன்னு இவ ஏதோ போட்டுத் தேய்ச்சிருக்கா. படிக்காதவ, என்ன தெரியும்? விட்டுடுங்க, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

அவள் டீத் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். இருபது வருஷத்துக்கு முன் அந்தக் கூட்டத்தில் அவர் எப்படிப் பேசினார் என்பதை அவள் காதால் கேட்டதில்லை. இப்போது கேட்டாள். அதே நிதானம், பெருந்தன்மை வேறு.

தட்டை வைத்துவிட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். விளையாட்டாகச் செய்தது, மாஸ்டரைப் பற்றிச் சொன்ன பொய், மூன்று நாளுக்கு முன் ஓடிய டிரில். "அந்தக் கையைக் காட்டச் சொல்லுங்க" என்றாள்.

செயலாளர் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு டீயைப் பார்த்தார். பிறகு எழுந்து அவளைத் தனியாக வாசலுக்கு அழைத்துப் போனார்.

"அம்மா, ஐயா இருக்கிற நிலைமையில இதெல்லாம் கிளற வேண்டாமே. அந்தப் பக்கத்தை எழுதினது நான். நாலு நாட்டுல அதை மேற்கோள் காட்டியிருக்காங்க. பழைய படம் எங்ககிட்ட இருக்கு. அதையே போட்டு, நாணயம் பின்னாளில் சேதமடைந்ததுன்னு ஒரு வரி எழுதிக்கறோம். உங்க பேரு வராது. கவலைப்படாதீங்க."

கவலைப்படாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்டருக்கு ஓர் அக்கா இருந்தாள். கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். எண்பதை நெருங்கும் வயதிலும் நின்றுகொண்டேதான் வேலை. மறுநாள் பல்செட்காரர் மனைவி அங்கே போனாள். கடையில் மூன்று பேர் தாளோடு காத்திருந்தார்கள். மாஸ்டரின் அக்கா அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "இரு" என்று மட்டும் சொல்லி மூன்று பேரையும் அனுப்பினாள். பிறகு மிஷினை நிறுத்தாமலேயே, ஒரு கட்டுத் தாளை நகல் எடுத்தபடி இவள் சொன்னதைக் கேட்டாள். அவள் சொல்லி முடிக்கும்வரை மிஷின் வெளிச்சம் அந்த முகத்தில் போய்ப்போய் வந்தது.

"இது எனக்குத் தெரியும்" என்றாள் மாஸ்டரின் அக்கா. "அவன் திருட மாட்டான்னு எனக்கு யாரு வந்து சொல்லணும்?"

"அக்கா..."

"காசைப் பத்தி அவன் அப்புறம் பேசினதே இல்ல. உன் புருஷனைப் பத்தியும் ஒரு வார்த்தை கெட்டதாச் சொன்னதில்ல. நீ வாசல்ல வச்சுக் கேட்டியே, அதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தான். 'தங்கச்சியே நம்பிடுச்சேக்கா, தங்கச்சியே நம்பிடுச்சே'ன்னு. கடைசியில நினைவு தப்பினப்பவும் அதான்."

அவள் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சிடுங்கக்கா."

"எதுக்கு? நான் மன்னிச்சா உனக்குத் தூக்கம் வரும். அவனுக்கு?" தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி நூலால் கட்டினாள். "முப்பது பேர் முன்னால சொன்ன பொய். என் காதுக்குள்ள வந்து உண்மையைச் சொல்லி என்ன பிரயோஜனம்? போய் முப்பது பேர் முன்னால சொல்லு."

சங்கக் கூட்டம் மாதத்தின் முதல் ஞாயிறு, நூலகத்து மாடியில். அன்று காலை சொட்டுமருந்து விட்டுவிட்டு, "சங்கத்துக்குப் போறேன்" என்று பல்செட்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

மாடியில் பதினெட்டு பேர் இருந்தார்கள். எல்லாம் நரைத்த தலைகள், வழுக்கைகள். எல்லார் சட்டைப்பையிலும் லென்ஸ். கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்து மாஸ்டரின் அக்கா உட்கார்ந்திருந்தாள். வருவதாக அவள் சொல்லியிருக்கவில்லை.

செயலாளர், "அம்மா, ஐயா சார்பா ஏதாவது சொல்லணும்னா..." என்று ஆரம்பித்தார்.

"அவர் சார்பா இல்ல" என்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். எதிர்ச்சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பேசினாள். நாணயம் வெட்டினது என்றாள். வெட்டியது தன் கணவர் என்றாள். உருண்டு முடிந்த கால், பள்ளம், வட்டக் கீறல் எல்லாவற்றையும் சொன்னாள். மாஸ்டர் எதையும் எடுக்கவில்லை, இதை என் வீட்டுக்காரர் வாயாலேயே கேட்டேன் என்றாள். "நானும் அந்த மனுஷனைத் திருடன்னு நம்பினேன். வீட்டு வாசல்ல வச்சுக் கேக்கக் கூடாததைக் கேட்டேன். அதையும் இங்கயே சொல்லிடறேன்" என்று முடித்தாள். முழுக்க ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஒருவர் இருமினார். இரண்டாவது வரிசையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எழுந்தார். "அன்னைக்கு நானும் கை தூக்கினேன். லென்ஸ்ல நான் பார்க்கவே இல்ல. எல்லாரும் தூக்கினாங்க, தூக்கிட்டேன்" என்று சொல்லி, மேலே என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்தார். வேறு யாரும் எழவில்லை. செயலாளர், அம்மா சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறோம், அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார். அடுத்த விஷயம் மாடியில் மின்விசிறி மாற்றுவது.

படியிறங்கும்போது மாஸ்டரின் அக்கா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் உதவிக்குக் கை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கீழே வந்ததும், "சொல்லிட்டே" என்றாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

வீட்டில் பல்செட்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். யாரோ ஃபோன் செய்திருந்தார்கள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அவன் அக்கா வந்திருந்தாளாமே."

"வந்தாங்க."

"என்ன சொன்னா?"

"உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

அவர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தவில்லை. படுத்துக்கொண்டு போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார்.

புத்தகம் ஐந்து மாதம் கழித்து வந்தது. அன்று கூட்டத்தில் எழுந்து பேசிய தபால்காரர் ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தார். நாற்பதாம் பக்கத்தில் அறுபத்துமூன்று நொண்டி இல்லை. ஏன் இல்லை என்றும் இல்லை. பல்செட்காரர் பெயர் இல்லை. அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும், பின்னட்டை உட்பட, விரலை வைத்துத் தேடினாள். மாஸ்டர் பெயரும் எங்கேயும் இல்லை.

அவர்களைத் தேடி யாரும் வருவது நின்றது. அவள் முன்னறையில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தாள். மருந்து, சாப்பாடு, நாலு வேளைச் சொட்டு எதுவும் தவறவில்லை. பேச்சு மட்டும் தேவைக்கு மேல் இல்லை. அவருக்குக் கடைசியாக மிஞ்சியிருந்த ஓரத்து வெளிச்சமும் அந்த மழைக்காலத்தில் போனது.

ஒரு மத்தியானம் அவர் சுவரைத் தடவிக்கொண்டு முன்னறைக்கு வந்து, பழைய ஸ்டூலைக் காலால் தேடி உட்கார்ந்தார்.

"நீ அங்கதான இருக்க?"

"இருக்கேன்."

"ஒண்ணே ஒண்ணு எடுத்துப் பார்த்துச் சொல்லேன். எதுன்னாலும் பரவால்ல. சும்மா எப்படி இருக்குன்னு சொல்லு."

பீரோச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. அவர் முகம் அவளை நோக்கித் திரும்பிக் காத்திருந்தது.

"அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் எதுவும் இல்லை. சமையலறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. அவர் சுவரைத் தடவித் தடவித் திரும்பப் போய்க் கட்டிலில் உட்காரும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றாள்.